நடுக்காயலில் நின்ற பாட்டு

லூசியெத்தா கல்யாணமாகிப் போன அன்று தோனினா வழியனுப்ப வரவில்லை. துணி துவைக்கிற அறையில், காயப்போட்டிருந்த ஈரப் போர்வைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"தோனினா! தோனினா எங்கடி போனே?"

லூசியெத்தாவின் குரல் முதலில் மாடியில் கேட்டது. பிறகு கிணற்றடியில் கேட்டது. கடைசியாகப் படகுத்துறையில் கேட்டது. அப்புறம் துடுப்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

தோனினாவுக்குப் பத்து வயது. கோபம் வந்தால் ஒளிந்துகொள்ளத்தான் அவளுக்குத் தெரியும். ஆனால் படகு போன பிறகு ஒளிந்திருந்து என்ன பயன்? போர்வை காய்வதற்குள் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. 'ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்ற நினைப்பு. அது போகவே இல்லை.

எங்கள் வெனிஸ் நகரத்தில், பெரிய கால்வாயின் கரையில் இருந்தது அவர்களுடைய இல்லம். அங்கே இருந்த பெண்கள் எல்லோரும், கைக்குழந்தையாக வாசல் மாடத்தில் விடப்பட்டவர்கள். அம்மா யார், அப்பா யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தோனினாவுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டது லூசியெத்தா. தலையில் பேன் பார்த்தது லூசியெத்தா. பாட்டு வகுப்பில் சுருதி விலகினால், யாருக்கும் தெரியாமல் காலை மெல்ல மிதித்ததும் லூசியெத்தாதான்.

அந்த இல்லத்துப் பெண்களின் பாட்டைக் கேட்கக் கடல் கடந்து ஆட்கள் வருவார்கள். கோயிலில், உயரத்தில், இரும்புப் பின்னல் தட்டிக்குப் பின்னால் நின்று பெண்கள் பாடுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு முகம் தெரியாது. குரல் மட்டும் இறங்கி வரும்.

எல்லாவற்றிலும் பேர்போன பாட்டு, மாதா பிறந்த திருநாளுக்காக இசையாசிரியர் கல்தோனி எழுதிய துதிப்பாட்டு. உயர்ந்த குரல்கள், தாழ்ந்த குரல்கள் எல்லாம் சேர்ந்து அலை அலையாக எழும். நடுவில் திடீரென்று எல்லோரும் ஓய்ந்துவிட, ஒரே ஒரு குரல் தனியாக மேலே ஏறும். அந்த இடத்தை அவர் லூசியெத்தாவின் குரலுக்காகவே எழுதினார்.

ஒருநாள் கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டுவந்த ஜோர்சி என்பவர் அந்த இடத்தைக் கேட்டார். கையில் இருந்த கூடையைக் கீழே வைக்க மறந்து பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். மறுநாள் இல்லத்துக் காரியதரிசி முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எனக்கு அந்தக் குரலைக் கல்யாணம் பண்ணி வைங்க."

"குரலை மட்டும் தனியாத் தர முடியாது தம்பி. ஆளும் சேர்ந்துதான் வரும்" என்றார் காரியதரிசி.

லூசியெத்தாவுக்கும் அவரைப் பிடித்துப்போனது. ஆனால் இல்லத்தில் ஒரு விதி உண்டு. கல்யாணமாகிப் போகிறவள், இனிமேல் கோயிலிலோ அரங்கத்திலோ பொது இடத்திலோ பாடவே மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குரலை வளர்த்தது இல்லம், அது இல்லத்துக்குத்தான் சொந்தம் என்பது நிர்வாகிகளின் கட்சி.

லூசியெத்தா சத்தியம் செய்தாள். படகில் ஏறினாள். போய்விட்டாள்.

அவள் இடத்தில் பாட ஆக்னேசா என்ற பெண் வந்தாள். நல்ல குரல்தான். ஆனால் பாடி முடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பரவாயில்லை. இருந்தாலும் லூசியெத்தா மாதிரி வருமா?" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஆக்னேசா அந்த இடம் நெருங்கும்போதே வியர்த்துப்போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோனினா தட்டியின் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் லூசியெத்தா உட்கார்ந்திருந்தாள். நீல முக்காடு. கையில் விசிறி.

அன்று ஆக்னேசா ஒரு துதியைத் தனியாகப் பாடினாள். லூசியெத்தா விசிறியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்து பார்த்தால் எதுவும் தெரிந்திருக்காது. மேலே இருந்து பார்த்த தோனினாவுக்குத் தெரிந்தது. லூசியெத்தாவின் தொண்டை அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

பாட்டு முடிவதற்கு முன்பே அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஜோர்சி மெழுகுவர்த்தி கொடுக்க வந்த நாளில் தோனினா பின்கட்டு வாசலில் காத்திருந்தாள்.

"மாமா, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. சமைக்கிறா, தைக்கிறா, என்னைக் கேலி பண்றா. பாட மட்டும் மாட்டேங்கிறா."

"வீட்டுல கூடவா?"

"மொதல்ல பாடிக்கிட்டுதான் இருந்தா. ஒருநாள் மாவு பிசைஞ்சுக்கிட்டே பாடினா. ஜன்னல் தொறந்திருந்துச்சு. கீழ கால்வாய்ல போன படகெல்லாம் நின்னுபோச்சு. பின்னாடி ஒரு தர்பூசணிப் படகு. அவன் மேல பார்த்துக்கிட்டே வந்து முட்டினான் பாரு! அத்தனை தர்பூசணியும் தண்ணில. ஒண்ணு ஒரு சாமியார் படகுக்குள்ள போய் விழுந்துச்சு."

தோனினா களுக்கென்று சிரித்துவிட்டாள். ஜோர்சி சிரிக்கவில்லை.

"மறுநாள் நிர்வாகத்துலேருந்து ஆள் வந்துட்டார். 'கால்வாய் பொது இடம். சத்தியம் ஞாபகம் இருக்கா?'ன்னு கேட்டார். அன்னிக்கு மூடின வாய்தான்."

"ஜன்னலைச் சாத்திட்டுப் பாடலாமே மாமா?"

"நானும் சொன்னேன். 'பொறந்ததுலேருந்து கம்பி போட்ட ஜன்னல்லதான் இருந்தேன். இந்த ஜன்னலையும் சாத்தணுமா?'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்றது?"

அவர் காலிக் கூடையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"குயிலக் கூட்டிக்கிட்டு வந்தேன் பாப்பா. இப்ப வீட்டுல மீன்தான் இருக்கு. அந்தக் குரலுக்காகத்தான் அவளைக் கட்டிக்கிட்டேன். கட்டிக்கிட்டதாலேயே அந்தக் குரல் போச்சு. இத யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அன்று முழுவதும் ஒரே ஒரு வார்த்தை தோனினாவின் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பொது இடம். பொது இடம்.

பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அம்மாவின் பெயர் பாசியென்சா. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பொறுமை என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். பொறுமை என்பது அந்த அம்மாவிடம் கடுகளவும் கிடையாது.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்."

"சுருதியிலயா, தாளத்துலயா?"

"பொது இடம்னா என்ன?"

"ஜனங்க இருக்கற இடம். போய் சாதகம் பண்ணு."

"நடுக்காயல்ல ஜனங்க இருப்பாங்களா?"

"காயல்ல மீன் இருக்கும், நண்டு இருக்கும். ஜனங்க எப்படிடி இருப்பாங்க?"

"மீனுக்குக் காது உண்டா?"

பாசியென்சா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். "என்ன வேணும் உனக்கு? சுத்தி வளைக்காமச் சொல்லு."

தோனினா ஒரே மூச்சில் சொன்னாள். "கோடையில நம்ம எல்லாரையும் தீவுத் தோட்டத்துக்குப் படகுல கூட்டிட்டுப் போவீங்க இல்ல, அதுல லூசியெத்தா அக்காவையும் கூப்பிடுங்க. நடுக்காயல்ல யாரும் இல்லாத இடத்துல அவ பாடட்டும். அது கோயில் இல்ல, அரங்கம் இல்ல, பொது இடமும் இல்ல. நாங்க அவ தங்கச்சிங்க. நாங்க ஜனங்க இல்ல."

"படகு ஓட்டறவன்? அவன் ஜனம்தானே?"

"ஜோர்சி மாமா ஓட்டட்டும். புருஷன் பொதுமக்கள்ல சேருவாரா?"

பாசியென்சாவின் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பை அடக்கினால் அந்த அம்மாவுக்கு அப்படித்தான் ஆகும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னையும் ஒருத்தர் கேட்டார், தெரியுமா? வயலின் செய்யறவர். பாட்டை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நான் இங்கேயே இருந்துட்டேன். லூசியெத்தா பாட்டை விட்டுட்டுப் போனா. ரெண்டும் வேணும்னு கேட்டா, பேராசைங்கறாங்க."

தோனினா பாசியென்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி சரி, கையை விடு. பிசுபிசுங்குது. என்னத்தத் தின்னே? அவளுக்குச் சொல்லி அனுப்பறேன். போய் சாதகம் பண்ணு!"

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை வேளை. பெரிய படகில் பாட்டுக்காரப் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். ஜோர்சி பின்னால் நின்று துடுப்பு வலித்தார். பெரிய பெண்கள் முறைபோட்டு முன்னால் வலித்தார்கள். அவர்கள் தாளம் தப்பாமல் பாடுவார்கள். துடுப்பில்தான் தாளம் தப்பியது. படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது.

"பாட்டு மாதிரியே வலிங்கடி!" என்று பாசியென்சா கத்தினார்.

"எந்தப் பாட்டு, வாத்தியாரம்மா?"

"கரை சேர்ற பாட்டு ஏதாவது!"

லூசியெத்தா படகின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். வீட்டில் எத்தனை அறை? பூனை உண்டா? தினமும் மீனா? அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். தோனினா மட்டும் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீவில் அத்திமரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். வெங்காயமும் காடியும் சேர்த்து ஊறவைத்த மத்தி மீனும், சோளக்களியும். லூசியெத்தா தன் தட்டை எடுத்துக்கொண்டு தோனினாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எங்கடி இருந்தே?"

"துணி துவைக்கிற ரூம்ல."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

தோனினா தலையாட்டினாள். கண்ணீர் மீன் மேல் சொட்டியது. "கேட்டுச்சு. வேணும்னேதான் வரல. அப்புறம் வந்திருக்கலாமேன்னு தெனமும் நெனச்சேன்க்கா."

லூசியெத்தா கொஞ்ச நேரம் அத்திப்பழத்தின் தோலை உரித்தாள்.

"நீ வராததும் ஒரு வகையில நல்லதுதான். வந்திருந்தா நான் படகுல ஏறியிருக்க மாட்டேன்."

"ஏறாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?"

"தெரியலையே. அவர் நல்லவர்டி. அந்த வீடும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா காலையில எழுந்ததும் தொண்டையில ஒண்ணு வந்து நிக்குது, கதவைத் தட்டற மாதிரி. எழுந்து தொறக்கப் போனா, தொறக்கக் கூடாதுன்னு ஞாபகம் வருது."

திரும்பும்போது மாலையாகிவிட்டது. காயலின் நடுவில் வந்ததும் ஜோர்சி துடுப்பை நிறுத்தினார். நாலாபுறமும் தண்ணீர். தூரத்தில் ஒரு கம்பத்தின் மேல் கடற்பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. வேறு ஈ காக்கைகூட இல்லை.

"அக்கா, இங்க ஜனங்க யாரும் இல்ல" என்றாள் தோனினா.

லூசியெத்தா நாலாபுறமும் பார்த்தாள். "தொண்டை துருப்பிடிச்சுப் போச்சுடி. எனக்கு வராது."

"வரலன்னா வரல. மீன் ஒண்ணும் சொல்லாது."

பாசியென்சா மெதுவாகக் கையை உயர்த்தினார். பெண்கள் திருநாள் துதியைத் தாழ்ந்த குரலில் தொடங்கினார்கள். அலை அலையாக எழுப்பினார்கள். அந்த இடம் வந்ததும் எல்லோரும் ஓய்ந்தார்கள். ஆக்னேசா வாயைத் திறக்கவே இல்லை, லூசியெத்தாவைப் பார்த்தாள்.

லூசியெத்தா பாடினாள்.

முதல் வரி கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவது வரியில் துரு உதிர்ந்தது. மூன்றாவது வரியில் அந்தப் பழைய குரல், அதே குரல், தண்ணீருக்கு மேலே எழும்பி ஏறியது. ஜோர்சி துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அப்போது நாணல் திட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு படகு வெளியே வந்தது. காய்கறிப் படகு. ஒரு பெரியவர் வலித்துக்கொண்டு வந்தார்.

லூசியெத்தா சட்டென்று நிறுத்திவிட்டாள். பாதி வரியில், பாதிச் சொல்லில். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அந்தப் பாதிச் சொல் அந்தரத்தில் நின்றது.

தோனினாவால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் தனியாகப் பாடுகிறவள் இல்லை. அவள் குரல் உயரத்துக்கு எட்டாது. தாழ்ந்த குரல் வரிசையில் நிற்பவள். ஆனாலும் எழுந்து நின்று, மீதிச் சொல்லைத் தன் தாழ்ந்த குரலிலேயே எடுத்தாள். மறு நொடி ஆக்னேசா சேர்ந்துகொண்டாள். அடுத்து ஒருத்தி, அடுத்து இன்னொருத்தி. கடைசியில் படகு முழுவதும் பாடியது. லூசியெத்தா நிறுத்திய வரியை எல்லோருமாக மேலே ஏற்றிக்கொண்டுபோய் முடித்து வைத்தார்கள்.

காய்கறிப் படகுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"அம்மாடி! மொதல்ல தனியாப் பாடினது யாரும்மா?"

"நாங்கதான்!" என்றார்கள் பெண்கள் ஒரே குரலில்.

"ஒரு குரல் மாதிரில்ல கேட்டுச்சு?"

"நாங்கதான் தாத்தா!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். படகில் யாரும் சிரிக்கவில்லை. லூசியெத்தா இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. ஜோர்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் வரும்வரை படகைப் பெண்களே வலித்தார்கள்.

திருநாளுக்கான ஒத்திகை வந்தது. ஆக்னேசா எழுந்து நின்றாள்.

"வாத்தியாரம்மா, நான் லூசியெத்தா அக்கா நிறுத்தின எடத்துல நிறுத்திடறேன். அதுக்கு மேல எல்லாரும் எடுத்துக்கட்டும். அந்த வரியை முழுசா ஒருத்தியே பாடறது இனிமே சரியா இருக்காது."

பாசியென்சா தலையசைத்தார். அப்படியே பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்த கல்தோனி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யார் என் பாட்டை வெட்டினது? நடுச்சொல்லுல நிறுத்தறீங்க! இது பாட்டா, விக்கலா?"

"வெட்டலைங்க. அது அங்கேதான் நின்னுச்சு" என்றார் பாசியென்சா.

"நின்னுச்சா? எங்க நின்னுச்சு?"

"இன்னொரு தடவை கேளுங்க. அப்புறம் திட்டுங்க."

இன்னொரு முறை பாடினார்கள். ஒற்றைக் குரல் ஏறியது, நின்றது. மௌனம். அப்புறம் தாழ்வாக ஒரு சின்னக் குரல். அப்புறம் எல்லாக் குரல்களும்.

கல்தோனி திட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பேனாவை எடுத்து, தன் பாட்டுத் தாளில் எதையோ அடித்துத் திருத்தி எழுதினார். "தாழ்ந்த குரல் யாரு? அவ ஒருத்தியே தொடங்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. கால்வாயில் படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நின்றன. கோயிலில் கைதட்டக் கூடாது. அதனால் எங்கள் ஊரில் பாட்டுப் பிடித்தால் இருமுவார்கள், நாற்காலியை இழுப்பார்கள். அன்று அந்தத் துதி முடிந்ததும் ஊருக்கே சளி பிடித்த மாதிரி இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கல்தோனியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நடுவுல வருதே, அந்த மௌனம்! அது உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

கல்தோனி உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தார். "தோணல. அது தானா நடந்துச்சு" என்றார்.

மேலே, தோனினா தட்டியோடு முகத்தை ஒட்டிவைத்துக் கீழே பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் நீல முக்காடு தெரிந்தது. இந்த முறை லூசியெத்தா பாதியில் எழுந்து போகவில்லை. விசிறி மடியில் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. அவள் பாடவில்லை. இனி இந்தக் கோயிலில் அவள் பாடப் போவதும் இல்லை. அது தோனினாவுக்குத் தெரியும். அதை மாற்ற அவளால் முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் லூசியெத்தா உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து, தலையை உயர்த்தி, இரும்புத் தட்டியைப் பார்த்தாள். கீழே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் கையை உயர்த்தி, இடது மூலையைப் பார்த்து அசைத்தாள்.

இடது மூலையில் யாரும் இல்லை. தோனினா நின்றது வலது மூலையில்.

தோனினா ஓடிப்போய் இடது மூலையில் நின்றுகொண்டாள்.